பெர்னீஸ் சூடோலுக்கு வராத பில்

பெர்னீஸ் சூடோல் தன் வாழ்நாளில் யாரையும் முழுதாக நம்பியதாக எனக்குத் தெரியாது. போலந்துக்காரர்கள் குடியேறிய ஹாம்ட்ராமிக் நகரில் இருபத்திரண்டு வருடம் நான் தபால் கொடுத்தேன். தினமும் காலை பத்தரைக்கு மஸூர் பேக்கரியின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவேன். கல்லாவுக்குப் பின்னால் வெள்ளை ஏப்ரனும் தலையில் வலையுமாக அவள் நிற்பாள். பதிவுத் தபால் ஒன்று வந்துவிட்டால் போதும். "உன் அடையாள அட்டையைக் காட்டு" என்பாள். என் கல்யாணத்தில் வந்து விடிய விடிய ஆடியவள் அவள். அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள்.

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பெர்னீஸ் பல்லை எண்ணுவாள், எண்ணி முடித்த பிறகு மாட்டின் வாயை மூடாமல் இன்னொரு தடவை எண்ணுவாள். முட்டைக்காரன் கொண்டுவரும் அட்டைகளில் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்ப்பாள். தொலைக்காட்சியில் வெயில் என்று சொன்னால் பனிக்காலணி போட்டுக்கொண்டு வருவாள். ஒரு ஈஸ்டரின்போது, பலிபீடத்து மெழுகுவர்த்தி உண்மையிலேயே தேன்மெழுகுதானா என்று பாதிரியாரையே கேட்டுவிட்டாள். பாதி மெழுகு வேறு ஏதோ என்று அவர் ஒப்புக்கொண்டார். அவளுடைய தொல்லையே அதுதான். பத்தில் எட்டு தடவை அவள் சந்தேகம் சரியாக இருந்துவிடும்.

கடை அவளுடையது அல்ல. முதலாளி ரே மஸூர். அவருடைய மகள் மார்சிக்குப் பெர்னீஸ்தான் ஞானஸ்நானத் தாய். மார்சி அவளை 'சோச்சா' என்று கூப்பிடுவாள். எங்கள் போலந்து வீடுகளில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான். முப்பத்தொரு வருடமாகப் பெர்னீஸ் அந்தக் கல்லாவில் நின்றாள். சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று அவள் நிற்பதைப் பார்க்க வேண்டும். மறுநாள் ஈஸ்டர் நோன்பான தவக்காலம் தொடங்குவதற்குள் வீட்டிலிருக்கும் கொழுப்பையும் சர்க்கரையையும் தீர்த்துவிட வேண்டும் என்று பழக்கம். அதற்காகப் பொரிப்பதுதான் பூன்ச்கி. கைப்பிடி அளவு உருண்டை, உள்ளே பழக்கூழ். வாரன், ஸ்டெர்லிங் ஹைட்ஸ் என்று புறநகருக்குக் குடிபோனவர்களெல்லாம் அன்று ஒரு நாள் மட்டும் போலந்துக்காரர்களாகி, காரை எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வருவார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டும். வருடத்தின் மற்ற நாட்களெல்லாம் அந்த ஒரு செவ்வாயின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நகரும்.

பேஜ் வந்தது 2010இல். அந்தச் சமூக வலைத்தளத்தின் முழுப் பெயரை எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் சொல்வதில்லை. 'பேஜ்' என்றால் போதும். வியாபாரிகள் சங்கத்தார் மாதாகோவில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு, டிராய் நகரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். பளபளவென்று சட்டை, காதோரம் ஒலிவாங்கி. வரப்போகும் ஐந்து வருடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் போலப் பேசினார்.

"இனிமே உங்க கடைக்கு ரெண்டு கதவு. ஒண்ணு தெருவுல, இன்னொண்ணு பேஜ்ல. போகப்போகத் தெருக்கதவு சின்னதாயிடும். பேஜ் கதவுதான் வாசல்."

பெர்னீஸ் கையைத் தூக்கினாள். "அந்த ரெண்டாவது கதவோட சாவி யார்கிட்ட இருக்கும்?"

"உங்ககிட்டதான் மேடம். பாஸ்வேர்டு உங்களோடது."

"அது தாழ்ப்பாள். நான் கேக்கறது கட்டடம். கட்டடம் யாரோடது?"

"கட்டடம் கம்பெனியோடது. ஆனா உங்களுக்கு இலவசம்."

"எத்தன நாளைக்கு?"

"என்னைக்குமே."

"என்னைக்குமேவா! எனக்கு அறுபத்து மூணு வயசு தம்பி. என்னைக்குமேன்னு எங்கிட்ட சொன்னது ரெண்டே பேரு. ஒருத்தன் எம் புருஷன். இன்னொருத்தன் எங்க கடைக்குக் கூரை போட்டவன். ரெண்டுமே ஒழுகிடுச்சு."

மண்டபம் சிரித்தது. மார்சிக்கு மட்டும் முகம் சிவந்தது. அப்போது அவளுக்கு முப்பது வயது. பேஜ் தொடங்கவேண்டும் என்று அப்பாவிடம் ஆறு மாதம் மன்றாடிச் சம்மதம் வாங்கியிருந்தாள்.

"சோச்சா, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஊரே உள்ள போயிடுச்சு, நீங்க இன்னும் வாசல்ல நின்னு சுவத்தத் தட்டிப் பாக்கறீங்க."

"தட்டிப் பாக்காம விழுந்தவங்க நெறைய பேரு" என்றாள் பெர்னீஸ். பிறகு ஆலோசகர் பக்கம் திரும்பினாள். "நான் சொல்றேன் என்ன நடக்கும்னு. மொதல்ல வாடகை இல்லன்னு உள்ள விடுவான். நம்ம ஆளுங்க எல்லாரும் அங்க வர்ற வரைக்கும் இனிக்க இனிக்கப் பேசுவான். பழைய கதவ நாமளே செங்கல் வச்சு அடைக்கிற வரைக்கும் பொறுமையா இருப்பான். அப்பறம் ஒருநாள் பில் அனுப்புவான். நம்ம ஆளுங்களையே நமக்கு வாடகைக்கு விடுவான்."

"எங்கயாவது நடந்துருக்கா சோச்சா?"

"வீட்டுக்காரன் எங்கயும் வீட்டுக்காரன்தாண்டி."

எனக்கும் அந்தத் தளத்தின்மேல் கோபம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பையில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் பாதியாகக் குறைந்ததற்குக் காரணம் அதுதான். ஆகவே நான் கை தட்டினேன். கை தட்டியது நான் ஒருவன்தான்.

பேஜ் அமோகமாக வளர்ந்தது. மார்சி நன்றாக எழுதுவாள். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ரொட்டியைப் படமெடுத்துப் போடுவாள். இரண்டு வருடத்தில் ஏழாயிரம் பேர் சேர்ந்தார்கள். ரே செய்தித்தாள் விளம்பரத்தை நிறுத்தினார். வருடாவருடம் ஜனவரியில் வாடிக்கையாளர்களுக்கு நான் கொண்டுபோய்ச் சேர்த்த அஞ்சலட்டைகளையும் நிறுத்தினார். விலாசங்கள் எழுதிய நோட்டு மாவுக் கிடங்கில் கிடந்து எலி கடித்து, ஒருநாள் குப்பையில் போனது. அதைத் தேடி எடுக்கப் பெர்னீஸ் குப்பை லாரிக்குப் பின்னால் அரைத் தெரு ஓடினாள் என்று கேள்வி.

தினமும் பத்தரைக்கு அவள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்.

"யோவ் லென், அந்தக் கம்பெனியிலேருந்து கடுதாசி வந்துதா?"

"வரலம்மா."

"வரும். பில் எழுதாத வீட்டுக்காரன் கிடையாது."

கடிதத்துக்காகச் சும்மா காத்திருக்கும் ரகமில்லை அவள். சோதனை ஒன்று கண்டுபிடித்தாள். மாதத்தில் ஒரு புதன்கிழமை, வியாபாரம் மந்தமான நாள், மார்சி பேஜில் ஒரு வரி எழுத வேண்டும்: இன்று கல்லாவில் இந்தச் சொல்லைச் சொல்பவருக்கு ஒரு பூன்ச்கி இலவசம். சொல் 'போவிட்லா'. உலர்ந்த பிளம் பழத்தை மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் கூழுக்கு எங்கள் பெயர் அது. யார் வந்து சொன்னாலும் ஊறுகாய் ஜாடியில் ஒரு பீன்ஸ் விதையைப் போடுவாள். சாயங்காலம் எண்ணுவாள்.

அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததிலும் அவள் புத்தி இருந்தது. போலந்து எழுத்தில் அந்த 'ல'வின் குறுக்கே ஒரு கோடு போவதால் வாயில் அது 'வ' ஆகிவிடும். சமையலறையில் அம்மா சொல்லிக் கேட்டவர்கள் 'போவிட்வா' என்பார்கள். புறநகரில் வளர்ந்து, திரையில் கண்ணால் மட்டும் படித்தவர்கள் 'போவிட்லா' என்பார்கள். அதனால் யார் பேஜைப் பார்த்து வந்தார், யார் பக்கத்து வீட்டுக்காரி சொல்லி வந்தார் என்று அவளுக்குக் காதிலேயே தெரிந்துவிடும். தப்பாகச் சொல்பவர்களுக்கு வெள்ளை விதை, சரியாகச் சொல்பவர்களுக்குக் கறுப்பு விதை. ஆலோசகர்கள் ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு சொல்வதை இவள் ஒரு ஜாடியில் வைத்திருந்தாள்.

முதல் புதனன்று வெள்ளை விதை நூற்று முப்பது. மார்சி துள்ளிக் குதித்தாள். அடுத்த வருடம் எண்பதுக்கு வந்தது. அதற்கடுத்த வருடம் நாற்பத்தைந்து. பெர்னீஸ் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். ஆனால் அதற்கப்புறம் அது மறுபடி அறுபதுக்கு ஏறி அங்கேயே நின்றது. மாதாமாதம் அறுபது, அறுபத்து மூன்று, ஐம்பத்தெட்டு.

"பாத்தீங்களா சோச்சா? உங்க பூதம் எங்க போச்சு?" என்று மார்சி கேட்டாள்.

பெர்னீஸ் ஜாடியை ஆட்டிப் பார்த்தாள். "இது எனக்குப் புடிக்கல. இவ்வளவு சீரா எதுவும் இருக்காது" என்றாள். அன்று நானும் அவளைக் கிண்டல் செய்தேன்.

2014 ஜனவரியில் பனியின் கனம் தாங்காமல் பேக்கரியின் கூரை உள்ளே இறங்கியது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை. நகராட்சி ஆள் வந்து பார்த்துவிட்டு, முன்பக்கம் முழுக்கப் பலகை அடித்து, உள்ளே நுழையத் தடை என்று சிவப்புத் தாளை ஒட்டிவிட்டான். ரே ஒரே வாரத்தில் நாலு தெரு தள்ளி, இவலைன் தெருவில், மூடிக்கிடந்த ஒரு செருப்புக்கடையைப் பிடித்தார். தெரிந்தவர்கள் வேறொரு பழைய அடுப்பைத் தூக்கிவர உதவினார்கள். பூன்ச்கி செவ்வாய்க்கு ஐந்து வாரம் இருந்தது. அந்தச் செவ்வாய் கைவிட்டுப்போனால் கடை ஈஸ்டர்வரை தாங்காது என்று ரே எல்லோரிடமும் வெளிப்படையாகவே சொன்னார். வருடத்துக்கு ஒருதரம் வருகிறவர்களுக்குப் புதிய கதவு எங்கே என்று தெரியவேண்டும். ஜனங்கள் பழைய கதவில் சிவப்புத் தாளைப் பார்த்தால், மஸூர் கடை போய்விட்டது என்று நினைத்து வேறு பேக்கரிக்குப் போய்விடுவார்கள்.

"கவலைய விடுங்க. ஏழாயிரம் பேர் இருக்காங்க. எழுதியாச்சு" என்றாள் மார்சி. முகத்தில் மட்டும் கவலை இருந்தது.

பெர்னீஸ் பிப்ரவரியில் சோதனை வைத்தாள். 'புதிய கடைக்கு வந்து போவிட்லா சொல்லுங்கள்.' நாள் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் ஜாடியில் பதினொரு விதை. அதில் நாலு கறுப்பு, ஏழுதான் வெள்ளை.

மறுநாள் பத்தரைக்கு நான் நுழைந்தபோது அவள் என் பையையே பார்த்தாள்.

"கடுதாசி?"

"இல்ல பெர்னீஸ்."

"பில் எதுவும் வரல. வெல ஏத்தினா நோட்டீஸ் அனுப்புவான். அனுப்பல. அப்பன்னா கம்பெனிக்காரன் இன்னும் கை வைக்கல." அவள் குரல் தாழ்ந்தது. "அறுபதா இருந்தது எப்படி திடீர்னு ஏழாச்சு? உள்ள இருக்கறவங்க யாரோதான் அடைக்கறாங்க."

பேஜுக்கு உள்ளே இருந்தது மார்சி ஒருத்திதான். கிறிஸ்துமஸ் விருந்தில் மார்சி தன் அப்பாவிடம், "போதும்ப்பா, வித்துட்டு ஃப்ளோரிடா போங்க, உங்க இதயம் தாங்காது" என்று சொன்னதைப் பெர்னீஸ் கேட்டிருந்தாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, கடையில் எட்டுப் பேர் நிற்கும்போது, மார்சி பின்னறையிலிருந்து தட்டோடு வந்தாள்.

"மார்சி, எல்லார் முன்னாடியும் கேக்கறேன். நீ நெசமாவே எழுதினியா?"

"எழுதினேன் சோச்சா. தினமும் எழுதறேன்."

"எழுதி மறைச்சு வச்சியா? எனக்கும் கொஞ்சம் தெரியும்டி. காட்டாம வைக்கறதுக்கு அதுல வழி இருக்காம். கடை படுத்தா உங்கப்பா விப்பாரு. அதானே ஒனக்கு வேணும்?"

ரே கையிலிருந்த மாவுத் தட்டை அப்படியே கீழே வைத்தார். "பெர்னீஸ், என்ன பேசற நீ?"

"அவ வாயால இல்லன்னு சொல்லட்டும்."

மார்சி இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கேக் பெட்டியின் மூடியைக் கிழித்து, பேனா எடுத்து, ஏதோ எழுதி, கல்லாவில் வைத்தாள். பாஸ்வேர்டு. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வரிசையில் நின்ற ஒரு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எய்தவன் எங்கேயோ இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அன்று நான் பார்த்தது அதைத்தான். ஆனால் அது எனக்கே மத்தியானத்துக்கு மேல்தான் புரிந்தது.

மத்தியானம் என் சுற்று முடிந்ததும் அவள் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். அவள் மூக்கில் இரண்டு கண்ணாடி, ஒன்றின்மேல் ஒன்று. ரேயின் கணினியில் அந்தப் பாஸ்வேர்டை ஒற்றை விரலால் குத்தி நுழைந்தோம். மறைத்து வைத்ததற்கான தடயத்தைத் தேடுகிறாளாம். மார்சி எழுதியது எல்லாமே அங்கே இருந்தது. தினமும் எழுதியிருந்தாள். விலாசம், வரைபடம், அம்புக்குறி போட்ட படம், எல்லாம். ஒவ்வொன்றுக்கும் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'இதைப் பார்த்தவர்கள்: 212.' அதற்கு அடுத்ததில் 190. அதற்கு அடுத்ததில் 164. பக்கத்தில் ஒரு பொத்தான். 'இன்னும் பலருக்குக் காட்ட, பணம் செலுத்துங்கள்.'

"ஏழாயிரம் பேருன்னாளே" என்றாள் பெர்னீஸ்.

"ஏழாயிரம் பேர் இருக்காங்க பெர்னீஸ். இவங்க இருநூறு பேருக்குத்தான் காட்டறாங்க. மீதிப் பேருக்குக் காட்டணும்னா காசு."

"நோட்டீஸ்?"

"நோட்டீஸ் கிடையாது."

மூன்று வருடம் அவள் வாசலில் கம்போடு உட்கார்ந்து திருடனுக்காகக் காத்திருந்தாள். திருடன் வாசலுக்கு வரவே இல்லை. சொல்லிவிட்டு எடுப்பான் என்றுதான் அவள் நினைத்தாள். சொல்லாமலேயே எடுப்பான் என்று அவளுக்கே தோன்றவில்லை.

பிறகு நான்தான் இன்னொரு பக்கத்தைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம். செலுத்திய தொகைகளின் பட்டியல் அது. பதினான்கு மாதம். ஒவ்வொரு மாதமும், சோதனைப் புதனுக்கு முந்தைய நாள். கடையின் பெயரில் ஒன்றுகூட இல்லை. மார்செல்லா மஸூர், மார்சியின் சொந்தக் கடன் அட்டை. தொகை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. டிசம்பரில் ஒரேயடியாக மூன்று மடங்கு. அதோடு நின்றிருந்தது.

பெர்னீஸ் மேலிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். அப்புறம் மற்றதையும் கழற்றினாள்.

"அறுபது" என்றாள். "அந்த அறுபது."

"ஆமா."

"நான் சொன்ன பில் வந்துடுச்சு லென். அந்தப் பொண்ணுக்கு வந்துருக்கு."

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து அவள் வாரனில் மார்சியின் வீட்டுக்குப் போனாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும், ஆனால் கார்களை நம்பமாட்டாள். நான்தான் அழைத்துப்போனேன். மார்சி கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. எங்கள் வீடுகளில் அது சாதாரண விஷயமில்லை. கடன்காரனைக்கூட உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுப்போம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல நீ?" என்றாள் பெர்னீஸ். மன்னிப்புக் கேட்க வந்தவள் வாயில் முதலில் வந்தது இதுதான்.

"என்னன்னு சொல்றது? ஊர் முன்னாடி உங்கள அரண்டவன்னு சொன்னேன். நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சுன்னு எந்த வாயால சொல்றது? அப்பா கேட்டா அன்னைக்கே மனசு ஒடிஞ்சுருப்பாரு. அந்த ஜாடிய நீங்க ஆட்டிப் பாக்கறப்பல்லாம் நான் பின்னறைக்கு ஓடிடுவேன். சரி, கொஞ்சம் காசு போட்டா அறுபது காட்டுது, அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிடலாம்னு நெனச்சேன். டிசம்பர்ல அதுவும் முடியல."

"தப்புப் பண்ணிட்டேன் மார்சி."

"சோச்சா, மூணு வருஷமா நீங்க அந்தக் கம்பெனிய சந்தேகப்பட்டீங்க. அவங்களுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டீங்களா? இல்ல. எங்கிட்டதான் கேட்டீங்க. எட்டுப் பேர் முன்னாடி. கேக்கக்கூட இல்ல, முடிவு பண்ணி வச்சுட்டுச் சொன்னீங்க. எனக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்ப என்னைக் கையில வச்சுருந்தவங்க நீங்க."

காற்று எங்கள் இருவர் முதுகிலும் அறைந்தது. மார்சி கதவைச் சாத்தப்போனவள் பாதியில் நிறுத்தினாள்.

"செவ்வாக்கிழம ஒண்ணு பண்ணுங்க. இனிமே எவ்வளவு கொட்டினாலும் பேஜ்ல எல்லாருக்கும் போய்ச் சேராது. வருஷத்துக்கு ஒருவாட்டி வர்றவங்க எதையும் படிச்சுட்டு வரமாட்டாங்க. பழக்கத்துல கார எடுப்பாங்க. பழைய கதவுக்குத்தான் போவாங்க. அங்க ஒரு ஆள் வேணும்."

கதவு மூடிக்கொண்டது. வழியெல்லாம் பெர்னீஸ் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. புருஷன் போனபோதுகூட, அவன் உண்மையிலேயே செத்துவிட்டானா என்று இரண்டு மருத்துவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள், அழவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்துக்கு அவள் பழைய கடையின் முன்னால் நின்றாள். முப்பத்தொரு வருடத்தில் அந்த நாளில் அவள் கல்லாவில் இல்லாதது அதுவே முதல் முறை. பலகையின் மேல் சிவப்புத் தாள் படபடத்தது. வாரம் முழுக்க ரே ஒட்டிய அம்புக்குறி அட்டைகளைக் காற்று தின்றுவிட்டிருந்தது. கையில் பெரிய அட்டை ஒன்றைப் பிடித்திருந்தாள். 'மஸூர் சாகவில்லை. இவலைன் தெரு.' நான் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றேன்.

மார்சி சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. கார்கள் வந்தன. ஒவ்வொன்றும் வேகம் குறைத்து, பலகையைப் பார்த்து, தயங்கியது. பெர்னீஸ் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டுவாள். அங்கேதான் வந்தது வினை. எங்கள் ஜனங்கள் அவளைவிடச் சந்தேகக்காரர்கள்.

"கடை மூடியாச்சுன்னு அரசாங்கத் தாள் ஒட்டியிருக்கு. நீ யாரு, வேற கடைக்கு இழுக்கறியா?" என்றார் ஒரு கிழவர்.

"நான் பெர்னீஸ்யா! முப்பது வருஷமா உங்களுக்குப் பெட்டி கட்டிக் குடுத்தவ!"

"பெர்னீஸ் கல்லாவுலல்ல நிப்பா. தெருவுல எதுக்கு நிக்கறா?"

அவருக்கு அடையாள அட்டையைக் காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. பக்கத்து மளிகைக்கடை யேமன்காரர் ஃபதேல் இரண்டு தடவை அவளுக்குச் சுடச்சுடத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் தன் பங்குக்கு, "இந்தம்மா சொல்றது சரிதாங்க" என்று கார்களுக்குள் குனிந்து சொன்னார். சிலர் நம்பினார்கள். சிலர் நேரே போய்விட்டார்கள். நம்பியவர்கள் எவ்வளவு, போனவர்கள் எவ்வளவு என்று அன்று அவள் எண்ணவில்லை.

ஒன்பது மணிக்கு ரே தொலைபேசியில் கூப்பிட்டார். வரிசை இருக்கிறது, ஆனால் போன வருடத்தில் பாதி. பொரித்ததில் இன்னும் பாதிக்குமேல் தட்டில் இருக்கிறது. பெர்னீஸ் போனை வைத்துவிட்டு அட்டையை இன்னும் உயரத் தூக்கினாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. கால் மரத்துப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள்.

பத்து மணிக்கு ஒரு பெரிய வேன் வந்து நின்றது. ஸ்டெர்லிங் ஹைட்ஸிலிருந்து, ஓர் அலுவலகத்துக்காக முப்பது டஜன் வாங்க வந்த பெண். கண்ணாடியை இரண்டு விரல் அளவுதான் இறக்கினாள்.

"பேஜ்ல நான் இருக்கேன். அப்படி ஒண்ணும் வரலயே. கடை மாறினா சொல்லமாட்டாங்களா?"

"சொன்னாங்கம்மா. ஒங்களுக்குக் காட்டல."

"யாரு காட்டல?"

பெர்னீஸுக்கு அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. "என்ன நம்பும்மா" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. வேனில் இருந்தவள் தலையை ஆட்டிவிட்டுக் கியரை மாற்றினாள்.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மார்சி. கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்த அந்தக் காரை நான் விடியற்காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரோ நிறுத்திவிட்டுப் போனது என்று நினைத்திருந்தேன். அவள் தெருவைக் கடந்து வேனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் ரே மஸூரோட பொண்ணு. அந்தப் பேஜ்ல எழுதறது நான்தான். என் போட்டோவ நீங்க அதுல பாத்துருப்பீங்க. இவங்க சொல்றது அத்தனையும் உண்மை. இவங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அந்தப் பெண் மார்சியின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி முழுதாக இறங்கியது. "நாலு தெருவா?" என்றாள். வேன் இவலைன் தெருப் பக்கம் திரும்பியது.

பெர்னீஸ் அட்டையைக் கீழே போட்டுவிட்டாள். மார்சியின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்காக நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலயேடி. எட்டுப் பேர் நின்னாங்க. ஒருத்தர்கிட்டயாவது, இவ அப்படிப்பட்டவ இல்லன்னு சொல்லிருக்கணும். எங் கையில இருந்தவ நீ. நான்தானே மொதல்ல சொல்லிருக்கணும்."

மார்சி கையை விலக்கிக்கொள்ளவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளவும் இல்லை.

"அது எனக்கு இன்னும் ஆறல சோச்சா. இன்னைக்கு ஆறாது" என்றாள். குனிந்து அட்டையை எடுத்து, பனியைத் தட்டிவிட்டு, அவள் கையில் கொடுத்தாள். "நீங்க அந்த முனைக்குப் போங்க. நான் இந்த முனையில நிக்கறேன். கார் வருது பாருங்க."